விழா எடுத்த நகரும் விருந்தளித்த வீடும்

ஊர் கூடித் தேர் இழுப்பது என்னும் சொற்றொடர் பிறருக்கு உவமையாக இருக்கலாம்; ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் வாழும் நமக்கு அது ஆண்டுதோறும் கண்ணால் காணும் நிகழ்ச்சி. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடம் பிடிக்கச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டு வருகின்றனர். அன்று தேர் ஓடும் அதே வீதிகளில்தான் மறுநாள் கடைகள் திறக்கின்றன, பால்கோவா விற்பனையாகிறது, பிள்ளைகள் புத்தகப் பையுடன் பள்ளிக்குச் செல்கின்றனர். விழாவுக்கென ஒரு வீதியும் ஊருக்கென ஒரு வீதியும் அங்கில்லை. அவ்வழிபாட்டில் பங்குகொள்ளாத கத்தோலிக்கராகிய நாமும், ஒரு விழா ஓர் ஊரை எவ்வாறு ஒன்றுசேர்க்கும் என்பதை அவ்வீதிகளின் ஓரத்தில் நின்றே கற்றுக்கொண்டோம் எனலாம்.

ஆயினும், தேர் என்றாலே ஒற்றுமை என்று எளிதில் முடிவு கட்டிவிட இயலாது. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில், வடம் பிடிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்காலும் பிற தடைகளாலும் தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றதை நாம் அறிவோம். நம் திருச்சபையின் தேர்பவனிகளிலும் தெருவுக்குத் தெரு பாகுபாடு காட்டப்பட்ட வரலாறு உண்டு. ஆகவே எந்த விழாவைக் கண்டாலும், அதன் ஒளியலங்காரத்தைக் காணும் முன்னர், வடத்தில் கை வைத்தவர் யார், கை வைக்க விடப்படாதவர் யார் என்று பார்ப்பதே முறை.

இந்த அளவுகோலைக் கொண்டு நாம் இங்கு இரண்டை அருகருகே வைத்துத் திறனாய விழைகிறோம். ஒன்று, 2017ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி. குறிப்பாக, நமக்கு அண்மையில் உள்ள கொச்சி மாநகரில் அது நடந்த விதம். மற்றொன்று, அப்போட்டி முடிந்து ஐந்து மாதங்களில், 2018 மார்ச்சில் வெளிவந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்னும் மலையாளத் திரைப்படம். முன்னது ஒரு நகரம் உலகத்துக்கு விருந்தளித்த நிகழ்வு. பின்னது ஓர் ஏழை வீடு ஓர் ஆட்டக்காரருக்கு விருந்தளித்த கதை. இரண்டிலும் கால்பந்து உண்டு. விருந்தோம்பல் எதில் உண்டு என்பதே நம் ஆய்வு.

இது பழங்கதை அன்று. 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. நம் ஊர்களிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் உலகம் வந்து இறங்கியது. 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகள் அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டுள்ளன. விருந்து வைக்க நாம் அழைக்கப்படும் காலம் இது. எனவே விருந்து வைப்பதன் பொருளை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

கொச்சி பெற்றதும் இழந்ததும்

முதலில் நன்மையைச் சொல்வோம். 2017 அக்டோபர் 6 முதல் 28 வரை 24 நாடுகளின் இளைஞர் அணிகள் 52 ஆட்டங்கள் ஆடின. தில்லி, நவி மும்பை, குவாஹாட்டி, கோவா, கொல்கத்தா, கொச்சி ஆகிய ஆறு இடங்கள் அவற்றைப் பகிர்ந்துகொண்டன. அரங்குகளுக்கு வந்தோர் 13 லட்சத்து 47 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1985இல் சீனாவில் நடந்த முதல் போட்டியின் எண்ணிக்கையையும் இது விஞ்சியது. இந்திய அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் கொலம்பியாவுக்கு எதிராக மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்ட கோல், உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோலாக வரலாற்றில் பதிந்தது.

கொச்சி கால்பந்துக்குப் புதிய ஊர் அன்று. நேரு கோப்பைப் போட்டிகள் 1983, 1985, 1997 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடந்தன. கலூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு அரங்கு 1990களின் நடுவில் எழுந்தது. 2017 அக்டோபர் 7 அன்று அங்கு பிரேசில் இளைஞர்கள் ஸ்பெயினை 2-1 என வென்றனர்; அதே நாளில் ஆப்பிரிக்காவின் வறிய நாடுகளுள் ஒன்றான நைஜர், வட கொரியாவை 1-0 என வென்றது. செய்தித்தாளில் போரும் பஞ்சமும் சார்ந்தே நாம் அறிந்த நாடுகளின் பிள்ளைகளைக் கொச்சி மக்கள் பந்தின் பின் ஓடும் பிள்ளைகளாகக் கண்டனர். விளையாட்டு நாடுகளுக்கும் இனங்களுக்கும் இடையே உடன்பிறப்பு உறவை வளர்க்க வல்லது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கூறியதற்கு அது ஒரு சான்று. கொச்சி மெட்ரோ ரயில் அவ்வாண்டு ஜூனில் ஓடத் தொடங்கியது. கலூர் அரங்கின் வாயிலைத் தொட்டுச் செல்லும் அடுத்த பகுதி, போட்டி தொடங்க மூன்று நாள்களே இருக்கையில், அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. விருந்தாளியின் பொருட்டு விரைவுபட்ட அந்த வண்டியில் இன்றும் ஊர் மக்களே பயணம் செய்கின்றனர். இவற்றை மறைத்துக் குறை மட்டும் கூறுவது திறனாய்வு ஆகாது.

இனி மறுபக்கம். கலூர் அரங்கின் பார்வையாளர் மாடங்களின் கீழே வாடகைக் கடைகள் பல உண்டு. அரங்கு முழுமையும் போட்டி நடத்துவோர் வசம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபாவின் நிபந்தனை. எனவே போட்டிக் காலத்தில் கடைகள் காலி செய்யப்பட வேண்டியதாயிற்று. வணிகர்கள் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினர். பிழைப்பு இழந்த நாள்களுக்கு ஈடு என்ன என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தது. நாம் கவனிக்க வேண்டியது இதுவே: ஊரின் பெயரால் விருந்து நடக்கிறது; ஊரில் கடை வைத்திருப்பவரோ அதே விருந்தின் பொருட்டு வழக்கு மன்றம் ஏறுகிறார். வீட்டில் திருமணம் என்றால் வீட்டாரை வெளியே நிறுத்துவது நம் வழக்கம் அன்று.

பயிற்சித் திடல்களின் நிலையும் சிந்திக்கத்தக்கது. மகாராஜா கல்லூரித் திடலுடன் ஃபோர்ட் கொச்சியின் பரேட் திடலும் வெளித் திடலும் பன்னாட்டுத் தரத்துக்கு உயர்த்தப்பட்டன. அவை அந்தப் பகுதிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஓடி ஆடிய பொதுவெளிகள். உயர்தரப் புல்தரை வருவது நல்லதே. ஆனால் அத்தகைய தரையுடன் காவலும் பராமரிப்புச் செலவும் நுழைவு விதியும் உடன் வருகின்றன. யாரும் எப்போதும் இறங்கி ஆடலாம் என்றிருந்த மண் தரை, அனுமதி பெற்று ஆடவேண்டிய பச்சைத் தரையாகும்போது, வெறுங்காலுடன் வரும் சிறுவனுக்கு அங்கு இடம் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

இவை எல்லாவற்றிலும் நம் சிந்தனையை மிகவும் தொடுவது பாதுகாப்பு விதி. கலூர் அரங்கில் ஆபத்து நேர்ந்தால் மக்கள் எத்தனை நேரத்தில் வெளியேற முடியும் எனக் கணக்கிட்டு, 2017இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு மட்டுமே இடம் என வரையறுக்கப்பட்டது. பலர் இதைக் குறையாகப் பேசினர். நம் கருத்தில், அப்போட்டி நகருக்குத் தந்த கொடைகளுள் சிறந்தது இக்கணக்கே. ஓர் உயிரையும் விலையற்றதாகக் கருதாத கணக்கு அது. ஆனால் பின்னர் நிகழ்ந்தது என்ன? 2024 டிசம்பர் 29 அன்று அதே அரங்கில் பல்லாயிரம் நடனமணிகள் சாதனைக்காகக் கூடிய நிகழ்ச்சி நடந்தது. மாடத்தில் அமைத்த தற்காலிக மேடையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் தவறி விழுந்து படுகாயமுற்றார். மேடையோரத்தில் உறுதியான தடுப்பு இருக்கவில்லை. விருந்தாளி இருந்தவரை இருந்த விதி, விருந்தாளி போனதும் அவருடனேயே பெட்டி கட்டிப் போய்விட்டது போலும்!

கொல்கத்தாவின் கதையும் இதற்கு மாறானதன்று. 2017 அக்டோபர் 28 அன்று சால்ட் லேக் அரங்கில் 66,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என வென்ற இறுதியாட்டம் ஒழுங்குடன் நடந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பர் 13 அன்று, மெஸ்ஸி வருகை தந்தபோது, பணம் கொடுத்து வந்த மக்களுக்கு அவர் முகமே தெரியாதபடி பெரிய மனிதர்கள் சூழ்ந்து நின்றனர். மக்கள் வெகுண்டு நாற்காலிகளைப் பெயர்த்து எறிந்தனர். அரங்கு ஒன்றே, நகரம் ஒன்றே. பிறர் பார்வைக்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒழுங்கு, நமக்கு நாமே செய்துகொள்ளும் மரியாதையாக வேரூன்றவில்லை. ஒரு பன்னாட்டுப் போட்டி ஒரு நகரை மாற்றியதா என அறிய, போட்டி நாள்களைப் பார்ப்பதில் பயனில்லை. அடுத்து வரும் உள்ளூர் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும்.

ஒரு வீடு விருந்தளித்த கதை

விருந்தோம்பலுக்கு வேறு முகமும் உண்டு. நம் இராஜபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்காக அளித்தவர். வீட்டை ஊருக்குத் தருவது அவர் செயல்; பெருவிழாக்களில் நடப்பதோ, ஊரையே வேறொருவருக்கு ஒழித்துக் கொடுப்பது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டு 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வைக் காண்போமாக.

இயக்குநர் சக்கரியா மலப்புறம் மாவட்டத்து எழுவர் கால்பந்தைக் களமாகக் கொண்டார். அறுவடை முடிந்த வயல்களிலும் ஊர்த் திடல்களிலும் தற்காலிக மாடங்கள் கட்டி, இரவு விளக்கொளியில் அணிக்கு ஏழு பேராக ஆடும் ஆட்டம் அது. பருவம் முடிந்தால் மாடம் அவிழ்க்கப்படும். வயல் மீண்டும் வயலாகும். அவ்வணிகளுக்கு ஆப்பிரிக்க நாட்டு இளைஞர்கள் கூலிக்கு ஆட வருகின்றனர். அப்படி வந்த சாமுவேல் என்னும் நைஜீரியர் காயமுற்றுப் படுக்கிறார். அணியை நடத்தும் மஜீதுக்கு மருத்துவமனைச் செலவு தாங்கவில்லை. வேறு வழியின்றி அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டு வருகிறார். அங்கே மஜீதின் தாயும், அண்டை வீட்டுப் பீயும்மாவும் அவரைப் பராமரிக்கின்றனர். பொதுவான மொழி ஒன்றும் இல்லை. காலில் சுற்றும் கட்டுத்துணியும் ஒரு குவளைக் கஞ்சியுமே பேச்சு. (இத்தகைய கட்டுத்துணியை நெய்யும் தறிகளின் ஓசை நம் சத்திரப்பட்டிப் பகுதியினருக்குப் பழகியதே.)

படத்தின் தலைப்பிலேயே அதன் நுட்பம் இருக்கிறது. சாமுவேல் நைஜீரியர், ஊரார் அவரைச் 'சுடானி' என்றே அழைக்கின்றனர். விருந்தாளியின் நாட்டைக் கூட அறியாத ஊர் அது. பன்னாட்டு அரங்கில் ஒவ்வொரு நாட்டின் கொடியும் பிழையின்றி ஏற்றப்படும். தேசிய கீதம் தவறின்றி ஒலிக்கும். இந்த வீட்டிலோ நாட்டின் பெயரே பிழை. ஆயினும் சாமுவேலின் பாட்டி தொலைநாட்டில் இறந்த செய்தி வரும்போது, அவ்வீடே துக்கம் கொள்கிறது. பெயரைச் சரியாக அறிந்து மனிதரை அறியாதிருப்பதும், பெயரைத் தவறாகச் சொல்லி மனிதரை அறிந்திருப்பதும் இரு வேறு நிலைகள். இயக்குநர் இதை வசனமாகப் பேசவைக்காமல், அடுக்களையிலும் திண்ணையிலும் நடப்பவற்றால் உணர்த்தியிருப்பது போற்றத்தக்கது. தாய்மாராக நடித்த சாவித்திரி ஸ்ரீதரன், சரசா பாலுச்சேரி இருவரும் நாடக மேடையில் முதிர்ந்தவர்கள். கேரள அரசின் விருதை இருவரும் பகிர்ந்து பெற்றது தகுதியே.

படத்தின் உட்கதை இன்னும் ஆழமானது. அயலாரை அன்புடன் ஏற்கும் மஜீதுக்கு, தன் தாயை மணந்த இரண்டாம் தந்தையை ஏற்க மனம் வருவதில்லை. காவல் வேலை பார்க்கும் அம்முதியவர் சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல் ஒதுங்கி வாழ்கிறார். தொலைவிலிருந்து வந்தவரை ஏற்பது எளிது. அருகில் இருப்பவரை ஏற்பதே அரிது என்பதை அவ்வாழ்க்கை காட்டுகிறது. நகரங்கள் செய்வதும் இதுவே அன்றோ? 2010இல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது, வெளிநாட்டார் கண்ணில் படாதிருக்கக் குடிசைப் பகுதிகள் திரையிட்டு மறைக்கப்பட்டன. வந்தவருக்குக் கம்பளம், இருந்தவருக்குத் திரை.

படத்தையும் குறையின்றி ஏற்பதற்கில்லை. படம் வெளிவந்தபின், சாமுவேலாக நடித்த நைஜீரிய நடிகர் தமக்குத் தரப்பட்ட ஊதியம் குறைவு என்று வெளிப்படையாகக் கூறினார். தயாரிப்பாளர்கள் விளக்கம் அளித்தனர். பின்னர் கூடுதல் தொகை வழங்கப்பட்டது. நடிகரும் பிணக்கு தீர்ந்தது என அறிவித்தார். முடிவு நல்லதே. எனினும், அயலாரை அரவணைக்கும் கதையைச் சொன்ன இடத்திலேயே அயலாரின் கூலி பற்றிய கேள்வி எழுந்தது நமக்கு ஒரு பாடம். அன்பு கூலிக்கு மாற்று ஆகாது. கஞ்சி கொடுத்த கையே கணக்கையும் சரியாகக் கொடுக்க வேண்டும்.

சாலை போட்டவர்கள்

கூலியைப் பேசுகையில் ஜார்க்கண்டை நினையாதிருக்க இயலாது. 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. இந்திய அணியின் தலைவி அஸ்தம் ஒராவோன், கும்லா மாவட்டத்துப் பழங்குடிச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவரைச் சிறப்பிக்க அவர் ஊருக்குச் சாலை அமைக்க அரசு முன்வந்தது. அச்சாலைப் பணியில் அவருடைய பெற்றோரே தினக்கூலிகளாக மண் சுமந்தனர் என்று அந்நாள் செய்தித்தாள்கள் எழுதின. கூலி நாளொன்றுக்கு 250 ரூபாய். நாட்டின் சார்பில் உலகை வரவேற்று நின்ற மகளின் பெயரால் அமைந்த சாலையில், அவளைப் பெற்றவர்கள் கூடை தூக்கினர்.

உழைப்பில் இழிவில்லை, தச்சர் மகனை ஆண்டவராக வணங்கும் நாம் அதை நன்கறிவோம். ஆனால் விருந்தளித்தோர் பட்டியலில் அப்பெற்றோரின் பெயர் வருமா என்பதே கேள்வி. 2022இல் கத்தார் நாட்டில் நடந்த உலகக் கோப்பைக்கான பணிகளில் இறந்த அயல்நாட்டுத் தொழிலாளர் 400 முதல் 500 வரை இருக்கலாம் என அப்போட்டியின் பொறுப்பாளரே அவ்வாண்டு நவம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். இலட்சக்கணக்கில் செலவுக் கணக்கு எழுதுவோர், உயிர்க் கணக்கில் மட்டும் நூறு பேர் முன்பின்னாகச் சொல்ல முடிகிறது என்பதே அத்தொழிலாளர் விருந்தில் எங்கு நிறுத்தப்பட்டனர் என்பதைக் காட்டிவிடுகிறது.

விளையாட்டு நகரில் ஒரு திருத்தூதர்

இச்சிந்தனைக்கு மறைநூலில் நாம் எங்கே ஒளி தேடுவது? புனித பவுல் பதினெட்டு மாதங்கள் தங்கிய கொரிந்து, பெரும் விளையாட்டு விழா எடுத்த நகரம். இரண்டாண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள இஸ்த்மியாவில் கிரேக்க உலகமே கூடியது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமடலின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தயத்தையும் குத்துச் சண்டையையும் வாடிப்போகும் வெற்றி வாகையையும் அவர் உவமையாக எடுத்தாள்வதன் பின்னணி இதுவே என விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர்.

ஆனால் பவுல் அந்நகரில் எங்கிருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியருடன் தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலைச் செய்து வந்தார் எனத் திருத்தூதர் பணிகள் நூலின் பதினெட்டாம் அதிகாரம் கூறுகிறது. விழாவுக்கு வந்த வெளியூராருக்குக் கூடாரம் தேவைப்பட்டிருக்கும் என்று கருதுவோரும் உண்டு. அப்படியாயின், பெருவிழா நகரை அவர் பார்த்தது பார்வையாளர் மாடத்திலிருந்து அன்று. ஊசியும் நூலும் பிடித்த பட்டறையிலிருந்து. கொச்சியில் மாடத்தின் கீழ்க் கடை வைத்திருந்தவர்களும், கும்லாவில் மண் சுமந்தவர்களும் நகரைப் பார்த்த அதே இடம் அது.

அங்கிருந்து பார்த்ததனால்தான் போலும், அதே திருமடலின் பதினோராம் அதிகாரத்தில் அவர் ஒரு விருந்தை வன்மையாகக் கண்டிக்கிறார். வசதியுள்ளோர் முன்னதாகவே உண்டு குடித்து முடித்துவிடுகின்றனர். வேலை முடிந்து பிந்தி வரும் ஏழையர் பசியுடன் நிற்கின்றனர். அத்தகைய உணவு ஆண்டவரின் விருந்தே அன்று என்று தயக்கமின்றித் தீர்ப்பளிக்கிறார் அவர். விளையாட்டைப் புகழ்ந்த அதே பேனா விருந்தைக் கண்டித்தது. இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படிப்பவருக்கு, விருந்தின் தரத்தை முதல் வரிசையில் அமர்ந்தவரைக் கொண்டு அளக்கத் தோன்றாது. கடைசியாக வந்தவரைக் கொண்டே அளக்கத் தோன்றும். கானாவூர்த் திருமணத்திலும், திராட்சை இரசம் எங்கிருந்து வந்தது என்பதைப் பந்தி மேற்பார்வையாளர் அறியவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளர்களே அறிந்திருந்தனர்.

நம் ஊரும் நம் பங்கும்

இவ்வளவையும் கூறிவிட்டு, பன்னாட்டுப் போட்டிகளே வேண்டா என்று நாம் சொல்ல வரவில்லை. விருந்து வேண்டும், விருந்தளிப்போர் பட்டியல் விரிய வேண்டும். மதுரையில் ஹாக்கிக்கென அமைந்த புதிய அரங்கில் நாளை யார் ஆடப்போகின்றனர்? கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் நம் ஊர்ப் பள்ளிகளிலும் மட்டையைப் பிடித்துப் பழகும் பிள்ளைகளுக்கு அத்தரையில் மாதம் ஒரு நாளாவது உண்டா? பிரேசில் நாட்டு மனௌஸ் நகரில் 2014 உலகக் கோப்பைக்காக 40,000க்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கு கட்டப்பட்டது. அங்கு நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கே. அந்நகரில் அத்துணைப் பெரிய அரங்கை நிரப்பும் முதல்தர அணி இல்லை. அரங்கு கட்டுமுன் கேட்கப்படாத கேள்விக்கு அரங்கு கட்டியபின் விடை கிடைப்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் வரி செலுத்தும் நாமே.

நம் இல்லத்துக்குள்ளும் இவ்வாய்வு நுழையட்டும். பங்குத் திருவிழா நாம் ஆண்டுதோறும் எடுக்கும் விருந்து. கொடியேற்றம், ஒலிபெருக்கி, மின்விளக்கு வளைவுகள், தேர்பவனி, அன்பின் விருந்து என யாவும் சிறப்புற நடக்கின்றன. ஆனால் தலைக்கட்டு வரி செலுத்த இயலாத குடும்பம், தேர் தன் வீட்டு வாசலில் நிற்கும்போது கதவைத் திறக்கக் கூசுகிறதா? நூற்பாலையில் இரவுப் பணி முடித்து வரும் சகோதரிக்கு அன்பின் விருந்தில் சோறு மிஞ்சியிருக்கிறதா? மறுநாள் காலை இலைகளையும் காகிதத் தோரணங்களையும் பெருக்கி அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கு, முந்தைய நாள் பந்தியில் இடம் இருந்ததா? இவற்றுக்கு விடை சொல்ல முடியாத விழாவுக்கும், திரையிட்டுக் குடிசையை மறைத்த நகருக்கும் இடையே அளவில்தான் வேறுபாடு.

1908ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸ் நகரில் சில சிறுவர்கள் தெருவில் பந்தாடினர். ஒருநாள் டிராம் வண்டி ஒரு சிறுவன்மேல் ஏறவிருந்தது. அதைக் கண்ட லொரென்சோ மாசா என்னும் சலேசிய சபைக் குரு, தம் சிற்றாலயத்தின் பின்புற வெளியை அவர்களுக்குத் திறந்துவிட்டார். ஞாயிறு திருப்பலிக்கு வரவேண்டும் என்பதே அவர் கேட்டது. அச்சிறுவர்கள் தொடங்கிய சான் லொரென்சோ கால்பந்துக் கழகம் இன்றும் ஆடிவருகிறது. 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் அக்கழகத்தின் உறுப்பினராகவே வாழ்ந்து மறைந்தவர். உலகக் கோப்பை எதுவும் அச்சிற்றாலய முற்றத்துக்கு வரவில்லை. ஒரு வாயிற்கதவு திறந்தது, அவ்வளவே.

நம் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் வளாகங்கள் உண்டு. மாலையில் அவற்றின் கதவுகள் பூட்டப்படுகின்றன. சிறுவர்களோ, பேருந்துகளும் சரக்கு லாரிகளும் விரையும் கொல்லம் சாலையின் ஓரத்தில் பந்தை உதைக்கின்றனர். பூட்டுவதற்குக் காரணங்கள் உண்டு: கண்ணாடி உடையும், காவலர் வேண்டும், ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற அச்சமும் உண்டு. அக்காரணங்களை நாம் ஏளனம் செய்யவில்லை. கலூரில் கணக்கிட்டது போல் கணக்கிட்டு, பொறுப்பேற்போர் இருவரை அமர்த்தி, மதம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாலையில் இரண்டு மணி நேரம் திறக்கலாமா என்று பங்குப் பேரவைகள் அடுத்த கூட்டத்தில் பேசட்டும். திருவிழாச் செலவில் ஒரு மின்விளக்கு வளைவைக் குறைத்தால், இரண்டு கோல் கம்பங்கள் நட்டுவிடலாம்.